மையலின் உறை நரம்பில் உண்மையில் என்ன செய்கிறது?

கேள்வி இதுதான்: “நரம்புக்கு மேலே உள்ள மையலின் உறை, மின்கம்பிக்கு மேலே உள்ள பிளாஸ்டிக் உறை மாதிரி என்று பள்ளியில் படித்தேன். அதன் வேலை அவ்வளவுதானா? அது கெட்டுப்போனால் ஏன் கண் மங்குகிறது, கால் தளர்கிறது? ஒருமுறை போனால் திரும்ப வளருமா?”

பிளாஸ்டிக் உறை உவமை முதல் ஐந்து நிமிடத்துக்கு உதவும். அதையே பிடித்துக்கொண்டு போனால் மையலினின் முக்கியமான வேலைகள் எல்லாம் கண்ணில் படாமல் போய்விடும். உடலியங்கியல் பாடம் எடுக்கும்போது நான் கம்பியில் தொடங்குவதில்லை, கால் விரலில் தொடங்குகிறேன்.

இருட்டில் நடந்துபோய்க் கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொள்கிறீர்கள். மூன்று செய்திகள் தனித்தனியாக வந்து சேரும். இடித்தது உடனே தெரியும். அதை ஒட்டியே சுருக்கென்று ஒரு வலி. அப்புறம் ஒரு சின்ன இடைவெளி. “ஐயோ, இப்போது வலிக்கப்போகிறது” என்று நினைப்பதற்குக்கூட நேரம் இருக்கும். அதன் பிறகுதான் அந்தக் கனமான, எரிச்சலான, பல்லைக் கடிக்க வைக்கும் வலி மெதுவாக வந்து பரவும். இடி ஒன்றுதான். மூன்று செய்தியும் கிளம்பியது ஒரே விரலிலிருந்து, ஏறக்குறைய ஒரே கணத்தில்.

வித்தியாசம் அவை வந்த வழியில் இருக்கிறது. தொடுகையைச் சுமக்கும் இழைகளுக்குத் தடித்த மையலின் உறை உண்டு. அவற்றில் செய்தி நொடிக்குச் சுமார் 50 மீட்டர் ஓடும். விரலிலிருந்து தண்டுவடம் வரை ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு போதும். சுருக்கென்ற வலிக்கு மெல்லிய மையலின் உள்ள இழைகள். அவற்றின் வேகம் 5 முதல் 30 மீட்டர். அந்தக் கடைசி வலியைச் சுமப்பவை மையலினே இல்லாத இழைகள். அவற்றில் நொடிக்கு அரை மீட்டர் முதல் இரண்டு மீட்டர் வரைதான். நாம் நடக்கும் வேகம்! அதனால்தான் அது வந்து சேர ஒரு நொடி ஆகிறது. மையலின் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்பதை நம் உடம்பே இப்படி அவ்வப்போது காட்டிக்கொடுக்கிறது.

சரி, உறை இல்லாவிட்டால் ஏன் இவ்வளவு மெதுவாகப் போக வேண்டும்? ஆக்ஸானை, அதாவது நரம்பு செல்லிலிருந்து நீளும் இழையை, கம்பி என்று நினைப்பதால்தான் இது புரியாமல் போகிறது. செம்புக் கம்பியோடு ஒப்பிட்டால் ஆக்ஸான் மிக மோசமான கடத்தி. அது உப்புநீர் நிரம்பிய, முடியைவிடப் பல மடங்கு மெல்லிய குழாய். உள்ளே மின்னோட்டத்துக்குத் தடை அதிகம், சுவர் வழியாக ஒழுக்கும் உண்டு. ஒரு முனையில் கொடுத்த மின்மாற்றம் சில மில்லிமீட்டர் போவதற்குள் தேய்ந்து மறைந்துவிடும். அதனால் செய்தியை வழிநெடுகத் திரும்பத் திரும்பப் புதிதாக உண்டாக்க வேண்டியிருக்கிறது. சவ்வில் உள்ள சோடியம் வாயில்கள் திறக்கும், சோடியம் அயனிகள் உள்ளே பாயும், அந்த இடத்தில் மின்னழுத்தம் தலைகீழாகும், அது பக்கத்து வாயில்களைத் திறக்கும். இப்படியே அங்குலம் அங்குலமாகப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

கட்டட வேலையில் செங்கல் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். தோளோடு தோள் இடித்துக்கொண்டு நூறு பேர் நின்று ஒவ்வொரு கல்லையும் அடுத்தவர் கையில் கொடுத்தால் கல் நகர்ந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் நூறு முறை கை மாறும். பத்தே பேர் தள்ளித்தள்ளி நின்று தூக்கிப் போட்டுப் பிடித்தால் அதே தூரத்தைப் பத்துக் கையில் கடந்துவிடும். மையலின் செய்வது இந்த இரண்டாவது ஏற்பாட்டைத்தான்.

எப்படி? உறையில் ஐம்பது, நூறு என்று அடுக்குகள் சேரும்போது இரண்டு நன்மைகள் கிடைக்கின்றன. சுவர் வழியாக ஒழுகுவது குறைகிறது, இது எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டாவதுதான் பாடத்தில் பாதி நேரம் விட்டுப்போகும்: சவ்வின் மின்தேக்குத் திறன் குறைகிறது. வெறும் சவ்வு மிக மெல்லியது. அதன் உள்பக்க மின்னூட்டமும் வெளிப்பக்க மின்னூட்டமும் ஒன்றையொன்று ஈர்த்துக்கொண்டு அங்கேயே ஒட்டி நிற்கும். ஒவ்வோர் இடத்திலும் அந்த மின்னூட்டத்தை மாற்றிவிட்டுத்தான் செய்தி மேலே போக முடியும். உறை தடிக்கத் தடிக்க இரண்டு பக்கமும் விலகிப் போய்விடுவதால் மாற்ற வேண்டிய மின்னூட்டம் சொற்பமாகிவிடுகிறது. எனவே ஒரு கணுவில் பிறந்த மின்னோட்டம் வழியில் வீணாகாமல், தாமதமாகாமல் அடுத்த கணுவுக்கு நேராகப் போய்ச் சேர்கிறது.

கணு என்றேனே, அதுதான் பிளாஸ்டிக் உறை உவமை உடையும் இடம். மின்கம்பியின் உறையில் ஓர் இடத்தில் இடைவெளி விழுந்தால் அது பழுது, ஆபத்து. நரம்பிலோ இடைவெளி இருந்தால்தான் வேலை நடக்கும். மையலின் உறை தொடர்ச்சியானது அல்ல. பெரிய இழைகளில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு துண்டு, பிறகு ஒரு மைக்ரான் அளவுக்குத் திறந்த இடம், மறுபடி ஒரு துண்டு. மூடியிருப்பது ஆயிரம் பங்கு என்றால் திறந்திருப்பது ஒரு பங்கு. 1870களில் பிரான்ஸில் லூயி ரான்வியே இவற்றை நுண்ணோக்கியில் பார்த்து விவரித்தார், அதனால் ரான்வியே கணுக்கள் என்று பெயர். சோடியம் வாயில்கள் ஏறக்குறைய எல்லாமே அந்தக் குறுகிய திறப்பில் வந்து நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன: ஒரு சதுர மைக்ரானுக்கு ஆயிரத்துக்கும் மேல். உறைக்கு அடியில் மிகச் சிலவே உண்டு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நோயைப் பற்றிப் பேசும்போது திரும்ப வருவேன்.

இங்கே ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். “செய்தி கணுவிலிருந்து கணுவுக்குத் தாவுகிறது” என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. தவளை குளத்தில் கல்லுக்குக் கல் தாவுவது போல, ஒரு நேரத்தில் ஒரு கணுவில் மட்டும் செய்தி இருக்கிறது என்று மாணவர்கள் புரிந்துகொள்கிறார்கள். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. நொடிக்கு 50 மீட்டர் என்றால் ஒரு மில்லிமீட்டரைக் கடக்க 20 மைக்ரோநொடி. ஆனால் ஒரு கணுவில் மின்துடிப்பு எழுந்து அடங்க அரை மில்லிநொடி, அதாவது 500 மைக்ரோநொடியாவது ஆகும். அதற்குள் அலையின் முன்முனை இருபத்தைந்து கணுக்களைத் தாண்டியிருக்கும். எந்தக் கணத்தில் பார்த்தாலும் இருபது முப்பது கணுக்கள் சேர்ந்தே துடித்துக்கொண்டிருக்கின்றன. இதில் ஒரு பெரிய பாதுகாப்பு இருக்கிறது: ஒரு கணு தவறினாலும் முன்னால் வந்த பல கணுக்களின் மின்னோட்டம் சேர்ந்து அடுத்ததை எழுப்பிவிட முடியும்.

இந்தத் தாவலை நிரூபிக்கவே பல பேர் உழைக்க வேண்டியிருந்தது. 1850இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் செய்தியின் வேகத்தை அளந்தார். நொடிக்கு முப்பது மீட்டருக்குச் சற்றுக் குறைவு என்று வந்தபோது பலருக்கு ஆச்சரியம், ஏனென்றால் அந்த வேகத்தை அளக்கவே முடியாது என்றுதான் அதற்கு முன் நினைத்திருந்தார்கள். பிறகு ஜப்பானில் இச்சிஜி டசாகி, தனி ஒரு நரம்பிழையைப் பிரித்தெடுத்து, கணுக்களில் மட்டும்தான் அது தூண்டலுக்கு எளிதாக மசிகிறது என்று 1930களின் கடைசியில் காட்டினார். 1949இல் ஹக்ஸ்லியும் ஸ்டாம்ப்ஃபிளியும் கணுக்கள் இடையே மின்னோட்டம் போகும் விதத்தை அளந்து விஷயத்தை உறுதி செய்தார்கள். தனி இழையை ஊசிமுனையால் பிரித்தெடுப்பது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை என்று செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மையலின் இல்லாமலும் வேகம் பெற ஒரு வழி உண்டு: இழையைத் தடிமனாக்குவது. கணவாய் மீன் அதைத்தான் செய்கிறது. அதன் பெரிய ஆக்ஸான் அரை மில்லிமீட்டர், சிலவற்றில் அதற்கும் மேல் தடிமன். வெறும் கண்ணுக்கே தெரியும். அவ்வளவு தடித்தும் வேகம் நொடிக்கு 25 மீட்டர் அளவுதான். மையலின் இல்லாத இழையில் வேகம் விட்டத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே கூடும். அதாவது நான்கு மடங்கு வேகம் வேண்டும் என்றால் பதினாறு மடங்கு தடிமன் வேண்டும். நொடிக்கு 100 மீட்டர் வேகத்துக்குக் கணவாய் முறையில் போனால், ஒரே ஓர் இழை எட்டு மில்லிமீட்டர் தடிமன் ஆகிவிடும். நம் பார்வை நரம்போ மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமனுக்குள் பத்து லட்சம் இழைகளை அடக்கிவைத்திருக்கிறது! நம் உடம்பில் நொடிக்கு 100 மீட்டரைத் தாண்டும் இழைகளின் விட்டம் உறையோடு சேர்த்தே 20 மைக்ரானுக்குள்தான். ஒரு மண்டையோட்டுக்குள் இப்படி ஒரு மூளை அடங்குகிறது என்றால் அதற்கு மையலினின் இந்தச் சிக்கனம் ஒரு பெரிய காரணம். தாடையுள்ள முதுகெலும்பிகள் எல்லாவற்றிலும் மையலின் உண்டு, தாடையற்ற லாம்ப்ரே மீனில் இல்லை. இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை: சில இறால் வகைகள் தங்களுக்கென்று தனியாக ஓர் உறையை உருவாக்கிக்கொண்டு நொடிக்கு 200 மீட்டரைத் தாண்டுகின்றன. இந்தப் பந்தயத்தில் நாம் முதலிடம் இல்லை.

உறை எதனால் ஆனது என்றால், உயிருள்ள செல்லின் சவ்வால். இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கை கால் நரம்புகளில் ஷ்வான் செல் என்ற செல், ஆக்ஸானின் ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு தன் சவ்வாலேயே அதைச் சுற்றிச் சுற்றிச் சுருட்டுகிறது. பாயைச் சுருட்டும்போது குறுக்கே வெட்டிப் பார்த்தால் சுருள் தெரியுமே, அதே வடிவம் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரியும். 1954இல் பெட்டி கெரன் கோழிக்கருவின் நரம்பில் இதைக் கண்டு சொன்னார். சுருளச் சுருள உள்ளே இருக்கும் செல்சாறு பிழிந்து வெளியேற்றப்பட்டு, சவ்வும் சவ்வும் ஒட்டிக்கொள்ளும். மூளையிலும் தண்டுவடத்திலும் இதே வேலையை ஆலிகோடெண்ட்ரோசைட் என்ற செல் செய்கிறது. ஷ்வான் செல் ஒரு துண்டுக்கு மட்டும் பொறுப்பு. ஆலிகோடெண்ட்ரோசைட்டோ பல கைகளை நீட்டி நாற்பது ஐம்பது துண்டுகளைக்கூடச் சுற்றும். அப்படி ஒரு செல் செத்தால் பல இழைகள் ஒரே நேரத்தில் உறையை இழக்கும். மூளையில் ஏற்படும் பாதிப்பு ஏன் சட்டென்று பரந்துபோகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீரை நீக்கிவிட்டால் மையலினில் 70 முதல் 80 சதவீதம் கொழுப்புப் பொருள்தான், அதில் கொலஸ்டிரால் கணிசமான பங்கு. மூளையின் வெண்பொருள் வெள்ளையாகத் தெரிவது இந்தக் கொழுப்பால். 1854இல் விர்ஹோ இதற்கு எலும்பு மஜ்ஜையை நினைவூட்டும் கிரேக்கச் சொல்லால் பெயர் வைத்தார். இதைக் கேட்டதும் சிலர், “அப்போது கொழுப்பு நிறையச் சாப்பிட்டால் மையலின் வளருமா?” என்று கேட்பார்கள். இல்லை. இரத்தத்தில் உள்ள கொலஸ்டிரால் மூளைக்குள் போவதில்லை, மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. ‘மையலினை வளர்க்கும்’ என்று விளம்பரப்படுத்தும் மாத்திரைகளை நம்பிப் பணத்தைக் கொட்ட வேண்டாம். வைட்டமின் பி12 குறைவு மட்டும் விதிவிலக்கு, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

உறை உயிருள்ளது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக வலுவான சான்று, 1998இல் வெளிவந்த எலி ஆய்வு. பிஎல்பி என்ற மையலின் புரதம் இல்லாத எலிகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றின் உறை ஏறக்குறைய ஒழுங்காகவே உருவாகியிருந்தது. ஆனால் மாதங்கள் போகப் போக, உறைக்கு உள்ளே இருந்த ஆக்ஸான்கள் வீங்கி அழிந்தன. உறை இருந்தது, ஆனால் அது ஆக்ஸானைப் பராமரிக்கவில்லை. பின்னால் வந்த ஆய்வுகள் இதில் ஒரு பங்கை விளக்கின. தண்டுவடத்தின் அடியிலிருந்து கால் வரை போகும் ஓர் ஆக்ஸான் ஒரு மீட்டர் நீளம், அதன் செல் உடலோ அத்தனை தூரத்தில் எங்கோ இருக்கிறது. நடுவழியில் அதற்கு யார் சாப்பாடு போடுவது? மூளையிலும் தண்டுவடத்திலும் சுற்றியிருக்கும் ஆலிகோடெண்ட்ரோசைட்டுகள் லாக்டேட்டை ஆக்ஸானுக்குக் கொடுத்து ஆற்றலுக்கு உதவுகின்றன. பிளாஸ்டிக் உறை எந்தக் கம்பிக்கும் சோறு போட்டதில்லை.

இனி நான் இந்தப் பதிலில் முக்கியமாகச் சொல்ல வந்தது. மையலின் என்றாலே வேகம் என்கிறோம். வேகத்தைவிட நுட்பமான வேலை ஒன்று இருக்கிறது: எல்லாச் செய்திகளும் சரியான நேரத்துக்கு வந்து சேரும்படி பார்த்துக்கொள்வது.

கண்ணை மூடிக்கொண்டு இருக்கும்போது யாரோ இடப்பக்கம் விரலைச் சொடுக்கினால் திசை உடனே தெரியும். ஒலி இடக்காதுக்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்வதுதான் காரணம். அந்த வித்தியாசம் அதிகபட்சமே ஒரு மில்லிநொடிக்குள், 600, 700 மைக்ரோநொடிதான். அதிலும் பத்து மைக்ரோநொடி அளவுக்கு நுணுக்கமான வித்தியாசத்தைக்கூட நம்மால் உணர முடிகிறது. இரண்டு காதிலிருந்தும் வரும் இழைகள் மூளைத்தண்டில் ஓரிடத்தில் சந்தித்து ஒப்பிடுகின்றன. வழியில் ஓர் இழை கொஞ்சம் சுணங்கினாலும் திசை தவறிவிடும். ஜெர்பில் என்ற எலி போன்ற விலங்கில் பார்த்தபோது, இந்தப் பாதையின் இழைகளில் தடிமனும் கணுக்களுக்கு இடையிலான தூரமும் அவை சுமக்கும் ஒலியின் சுருதிக்கு ஏற்ப வேறுபட்டிருந்தன. வீணையில் முறுக்காணியைத் திருகிச் சுருதி சேர்ப்பது போல, உறைத்துண்டின் நீளத்தையும் தடிமனையும் வைத்து நரம்பு மண்டலம் நேரத்தைச் சுருதி சேர்க்கிறது.

இந்தச் சேர்ப்பு பிறக்கும்போதே முடிந்துவிடுவதில்லை. கருவில் தொடங்கி, பிறந்த முதல் இரண்டு வருடங்களில் மிக வேகமாக நடக்கும். பிறந்த குழந்தையின் உள்ளங்காலைக் குதிகாலிலிருந்து விரல் பக்கமாகக் கீறிப் பார்த்தால் கட்டைவிரல் மேல்நோக்கி மடங்கும். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் பாதையில் மையலின் இன்னும் முழுமையாகவில்லை என்பதன் அடையாளம் அது. ஒன்று, ஒன்றரை வயது தாண்டும்போது, குழந்தை நடக்கப் பழகிய காலத்தை ஒட்டி, விரல் கீழ்நோக்கி மடங்கத் தொடங்கும். பெரியவர் ஒருவருக்கு அது மறுபடி மேலே மடங்கினால் நரம்பியல் மருத்துவர் உஷாராகிவிடுவார். நெற்றிப் பக்க மூளையில் மையலின் சேர்வது இருபதுகளிலும் தொடர்கிறது.

கற்றுக்கொள்வதிலும் இதற்குப் பங்கு உண்டு. 2014இல் வெளியான ஓர் ஆய்வில், படிகள் ஒழுங்கற்ற இடைவெளியில் இருக்கும் சக்கரத்தில் ஓட எலிகளைப் பழக்கினார்கள். வளர்ந்த பிறகு புதிய ஆலிகோடெண்ட்ரோசைட்டுகள் உருவாக முடியாதபடி செய்யப்பட்ட எலிகள் அந்த ஓட்டத்தைச் சரியாகக் கற்க முடியாமல் பின்தங்கின. மனிதர்களில், ஆறு வாரம் பந்துகளை எறிந்து பிடிக்கப் பழகியவர்களின் வெண்பொருளில் மாற்றம் எம்ஆர்ஐயில் தெரிந்தது. இதை வைத்து “மையலினை வளர்த்தால் மேதை ஆகலாம்” என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போக இந்தச் சான்று இடம் கொடுக்கவில்லை.

மையலின் வேண்டாத இடமும் உண்டு. விழித்திரையின் மேல் ஓடும் பார்வை இழைகளுக்கு உறை கிடையாது. கண்ணை விட்டு வெளியே வந்த பிறகுதான் உறை தொடங்கும். வெள்ளை உறை உள்ளேயே இருந்தால் ஒளியை மறைத்துவிடும் அல்லவா! ஏறக்குறைய நூறில் ஒருவருக்கு விழித்திரையில் ஒரு சிறு பகுதியில் உறை வளர்ந்திருக்கும். கண்ணுக்குள் பார்த்தால் இறகு ஓரம் போல வெள்ளைத் திட்டு தெரியும். பெரும்பாலும் அதனால் தொல்லை இருக்காது.

சரி, உறை கெட்டால் என்ன ஆகும்?

கை நரம்பில் சோதனை செய்வதைப் பார்த்தால் நன்றாகப் புரியும். கட்டைவிரல் தசைமேல் மின்முனையை ஒட்டிவிட்டு, மணிக்கட்டில் ஒருமுறையும் முழங்கையில் ஒருமுறையும் சிறு மின்தூண்டல் கொடுப்பார்கள். விரல் துள்ளும், திரையில் ஓர் அலை எழும். இரண்டு இடத்துக்கும் நடுவே 22 சென்டிமீட்டர், இரண்டு அலைகளுக்கும் இடையே 4 மில்லிநொடி என்றால் வேகம் நொடிக்கு 55 மீட்டர். ஆரோக்கியமான கை. ஆக்ஸான்கள் செத்திருந்தால் வேகம் பெரிதாகக் குறையாது, அலையின் உயரம் குறையும். உறை கெட்டிருந்தால் வேகம் முப்பது, இருபது என்று இறங்கும். அலையும் கூர்மையாக இல்லாமல் இழுபட்டு, பல மேடுகளாகச் சிதறித் தெரியும். ஒவ்வோர் இழையிலும் ஒவ்வோர் அளவுக்கு உறை போயிருப்பதால் சேர்ந்து வர வேண்டிய செய்திகள் ஆளுக்கொரு நேரத்தில் வருகின்றன. அந்தச் சிதறிய அலையைத் திரையில் பார்க்கும்போது, நேரம் தவறுவது என்றால் என்ன என்று கண்ணெதிரே தெரியும்.

கில்லன் பாரி நோயில் நடப்பது இதுதான். வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்துபோன சில நாட்களில், வாரங்களில், நோய்க்கிருமியைத் தாக்க எழுந்த எதிர்ப்பாற்றல் தவறுதலாகக் கை கால் நரம்புகளைத் தாக்குகிறது. பெரும்பாலும் காலில் தொடங்கி மேலே ஏறும். முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டினால் வர வேண்டிய துள்ளல் சீக்கிரமே மறைந்துவிடும், சில நேரம் தசையில் இன்னும் வலு மிச்சம் இருக்கும்போதே. அந்தத் துள்ளலுக்குப் பல இழைகளின் செய்திகள் ஒரே நேரத்தில் தண்டுவடத்தை எட்ட வேண்டும். ஒருமித்து வராவிட்டால், வந்தும் பயனில்லை.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றின் மையலினைத் தாக்குகிறது. 1868இல் ஷார்கோ இதைத் தனி நோயாக விவரித்தார். ஒரு கண் சில நாட்களில் மங்கும், கண்ணை அசைத்தால் வலிக்கும். பார்வை பெரும்பாலும் வாரக்கணக்கில் திரும்பிவிடும். ஆனால் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் மாறி மாறித் தெரியும் திரையைக் காட்டி, பின்தலையில் மின்னலையை அளந்தால், சுமார் 100 மில்லிநொடியில் வர வேண்டிய அலை தாமதமாகவே வந்துகொண்டிருக்கும். எழுத்தைப் படித்துவிடுகிறார், நேரம் மட்டும் சரியாகவில்லை.

இந்த நோயாளிகள் சொல்லும் ஒரு விஷயத்தை வீட்டில் உள்ளவர்கள் பல நேரம் நம்புவதில்லை: “வெந்நீரில் குளித்தால் கண் மங்குகிறது, கொஞ்சம் ஆறினால் சரியாகிவிடுகிறது.” 1890இல் ஊட்ஹாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர், உடலை வருத்தி உழைத்த பிறகு இப்படிக் கண் மங்குவதைப் பதிவு செய்தார். காரணம் சுத்தமான இயற்பியல். ஆரோக்கியமான இழையில் அடுத்த கணுவை எழுப்பத் தேவையானதைப் போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் வந்து சேரும். உறை போன இடத்தில் அந்த உபரி எல்லாம் ஒழுகிப்போய், தட்டுத்தடுமாறித் தேவைக்குச் சரியாக மட்டுமே வந்து சேரும். உடம்பு சூடானால் சோடியம் வாயில்கள் சீக்கிரமாக மூடிக்கொள்ளும், உள்ளே பாயும் மின்னோட்டம் இன்னும் கொஞ்சம் குறையும். அரை டிகிரி ஏற்றம்கூடப் போதும், செய்தி அந்த இடத்தில் நின்றுவிடும். குளிர்ந்ததும் மறுபடி ஓடும். பொய்யோ கற்பனையோ இல்லை, நோய் புதிதாக முற்றுவதும் இல்லை.

உறைக்கு அடியில் சோடியம் வாயில்கள் மிகக் குறைவு என்றேனே, உறை போன இடத்தில் செய்தி நிற்பதற்கு அதுவும் காரணம். போதாததற்கு உறைக்குக் கீழே ஒளிந்திருந்த பொட்டாசியம் வாயில்கள் திறந்தவெளிக்கு வந்து, இருக்கிற மின்னோட்டத்தையும் வெளியே விட்டுவிடும். அந்த வாயில்களை அடைக்கும் மருந்துதான் ஃபாம்பிரிடின். 2010இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, சில நோயாளிகளின் நடை வேகம் கூடுகிறது. அது உறையை வளர்ப்பதில்லை, ஓட்டையை அடைக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொழுநோய்க் கிருமி ஷ்வான் செல்லுக்குள்ளேயே குடியேறுகிறது, அதனால்தான் உணர்ச்சி போகிறது. பிறவியிலேயே மையலினை உருவாக்குவதிலோ பராமரிப்பதிலோ கோளாறு உள்ள லியூகோடிஸ்ட்ரோஃபி நோய்கள் இருக்கின்றன. இரத்தத்தில் நெடுநாளாகக் குறைந்திருந்த சோடியத்தை அவசரப்பட்டு ஏற்றினால் மூளைத்தண்டின் மையலின் சிதையும், அதனால்தான் மருத்துவர்கள் அதைப் பொறுமையாக ஏற்றுகிறார்கள்.

பி12 குறைவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது தடுக்கக்கூடியது. தண்டுவடத்தின் பின்பகுதியில், கால் எங்கே இருக்கிறது என்ற உணர்வைச் சுமக்கும் பாதையின் மையலின் முதலில் சிதையும். பாதம் மரத்தது போல இருக்கும். முகம் கழுவக் கண்ணை மூடினால் தள்ளாடும், ஏனென்றால் அதுவரை கண்தான் காலுக்குத் துணையாக இருந்தது. விலங்கு உணவைத் தொடாதவர்கள், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மருந்தை நீண்ட நாள் எடுப்பவர்கள், வயிறு அல்லது குடல் அறுவை சிகிச்சை ஆனவர்கள் ஒருமுறை இரத்தத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. ஃபோலிக் அமிலம் மட்டும் எடுத்தால் இரத்தசோகை சரியாகி, நரம்புக் கேடு மறைவாகத் தொடரும். சீக்கிரம் கண்டுபிடித்துப் பி12 கொடுத்தால் பெருமளவு மீளலாம், தாமதமானால் கொஞ்சம் மிச்சம் நின்றுவிடும்.

கடைசிக் கேள்வி: திரும்ப வளருமா? வளரும், எங்கே என்பதைப் பொறுத்து. கை கால் நரம்புகளில் ஷ்வான் செல்கள் நன்றாகவே திரும்பச் சுற்றும். கில்லன் பாரி வந்தவர்களில் பெரும்பாலோர் மாதக்கணக்கில் எழுந்து நடப்பது அதனால்தான். மூளையிலும் ஆலிகோடெண்ட்ரோசைட்டாக மாறக் காத்திருக்கும் முன்னோடிச் செல்கள் வாழ்நாள் முழுவதும் இருக்கின்றன. அவை வந்து சுற்றும். புதிய உறை பழையதைவிட மெல்லியதாகவும் துண்டுகள் குட்டையாகவும் இருக்கும், செய்தி போக அது போதும். ஆனால் வயது ஏற ஏற, தாக்குதல் திரும்பத் திரும்ப வர, இந்தப் பழுதுபார்ப்பு தளரும். உறையில்லாமல் நெடுநாள் கிடந்த ஆக்ஸான் செத்துப்போனால் மூளையிலும் தண்டுவடத்திலும் அது திரும்ப வளராது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் முதல் தாக்குதலிலேயே சிகிச்சையைத் தொடங்கச் சொல்வது ஆக்ஸானைக் காப்பாற்றத்தான்.

உறையைத் திரும்ப வளர்க்கும் மருந்துக்கான தேடல் நடந்துகொண்டிருக்கிறது. கிளெமாஸ்டின் என்ற பழைய அலர்ஜி மருந்தைக் கொடுத்து 2017இல் வெளியிட்ட சிறு ஆய்வில், முன்பு சொன்ன அந்த 100 மில்லிநொடி அலையின் தாமதம் இரண்டு மில்லிநொடிக்கும் சற்றுக் குறைவாகக் குறைந்தது. சின்ன எண்தான். ஆனால் நாட்பட்ட பழைய பாதிப்பில்கூட அலையை முன்னால் நகர்த்த முடிந்தது என்பதால் அந்த எண்ணை நான் முக்கியமாக நினைக்கிறேன். அது மருத்துவர் எழுதிக்கொடுக்கும் சிகிச்சையாக இன்னும் ஆகவில்லை, தாங்களாகவே வாங்கிச் சாப்பிட வேண்டாம். சில நாட்களில் ஒரு கண் வலியோடு மங்கினாலோ, காலில் தொடங்கிய தளர்ச்சி மேலே ஏறினாலோ, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மேலே ஏறும் தளர்ச்சி மூச்சுத் தசைகளை எட்டச் சில நேரம் ஒரு நாள்கூட ஆகாது.